குமாரியின் காது

கம்பி கட்டியது என் அப்பா. இப்போது எழுதலாம். அப்பா போய் ஆறு வருஷமாகிறது. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த அந்த லயமும் இடிந்துவிட்டது.

அக்கரப்பத்தனைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். லயத்துக்குக் கீழே ஓடையோரம் எட்டுக் குடும்பத்துக்கும் மரக்கறிப் பாத்திகள் இருந்தன. லீக்ஸ், கரட், கொஞ்சம் உருளைக்கிழங்கு. காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே இரவில் எல்லாம் போய்விடும். பன்றி இறங்கும் சந்துகளில் பழைய மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பியைச் சுருக்குப் போட்டு வைப்பார்கள். அது குற்றம் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு ஒன்பது வயது. ஒரு காலை அப்பாவோடு கரட் பிடுங்கப் போனேன். சுருக்கில் பன்றிக்குப் பதிலாகச் சிறுத்தை கிடந்தது. கம்பி இடுப்பில் இறுகியிருந்தது. அது எங்களைப் பார்த்தது. இடது காது பாதி கிழிந்திருந்தது. பழைய கிழிசல், காய்ந்துபோனது. அப்பா என்னைப் பின்னால் இழுத்தார்.

"நாம இங்க வரல. நீ ஒண்ணும் பார்க்கல."

வேறு வழியாக லயத்துக்கு வந்தோம். அப்பா எப்போதும் போல காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனார். கொழுந்து எடுக்கும் பெண்கள் உறுமல் கேட்டு ஓடி வந்த பிறகுதான், மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையாவுக்கு விஷயம் தெரிந்தது. அவர் போன் போட்டார்.

வனஜீவி இலாகா ஆட்கள் வருவதற்கு முன்பே டீவி ஆட்கள் வந்துவிட்டார்கள். யார் சொன்னார்களோ. எங்களையெல்லாம் மேல் ரோட்டில் கயிறு கட்டி நிறுத்தினார்கள். அங்கிருந்து பார்த்தால் புல்லும் வாலும்தான் தெரியும். ஊசி போட்டு, தலையில் துணி சுற்றி, கூண்டில் ஏற்றிக் கொண்டு போனார்கள்.

அன்று மாலை மாமா வீட்டு டீவி முன்னால் லயமே உட்கார்ந்தது. சோகப் பாட்டு போட்டுக் காட்டினார்கள். அதற்குக் குமாரி என்று பெயர் வைத்திருந்தார்கள். பெட்டையென்று யாருக்குத் தெரிந்ததோ.

அதற்கு முந்தின நாள் வரை அந்த மிருகத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர் எங்கள் லயத்தில் இல்லை. நாலு நாய் தின்றிருந்தது. பக்கத்துக் காம்பராப் பெரியம்மா வீட்டு நாயும் அதில் ஒன்று. டீவியில் வந்ததும் அது எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் குமாரியை வரையச் சொன்னார்கள். சில்லறைக் கடை முதலாளி பேப்பரில் வந்த படத்தை வெட்டி, சீனி மூட்டைக்கு மேலே ஒட்டினார். அவர் அதுவரை சாமி படம் கூட ஒட்டவிடாதவர்.

இரண்டு நாள் கழித்து காக்கிச்சட்டைக்காரர்கள் வந்தார்கள். வெட்டியெடுத்த கம்பியை ஒரு பையில் போட்டு வீடு வீடாகக் காட்டினார்கள். சுருக்கு முடிச்சு ஆளுக்கு ஆள் வேறு. ஒவ்வொரு ஆணும் அந்த முடிச்சைப் பார்த்தார். தெரியாதென்று தலையை ஆட்டினார். எல்லோரும் ஒரே மாதிரி ஆட்டினார்கள். தெரியாமல்தான் ஆட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

மாமா எங்கள் வீட்டுக்குள் வந்து அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"பொழைச்சா அபராதத்தோட போயிரும் மச்சான். செத்துச்சுன்னா உள்ளதான்."

அதற்குப் பிறகு டீவி பார்க்காத அப்பா தினமும் நியூஸ் பார்த்தார். அம்மா டீவியைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தாள். யார் காட்டிக் கொடுப்பார்கள் என்று. பெரியம்மா மேல்தான் அதிகச் சந்தேகம். இரண்டு பேருக்கும் தண்ணீர் பிடிக்கும் பீலியில் சண்டையாகி ஒரு வருஷம் பேச்சில்லை.

குமாரி தண்ணீர் குடித்தாள் என்றார்கள். குமாரி எழுந்து நின்றாள் என்றார்கள். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். தினமும் அதே வாலை அதே பக்கம் ஆட்டியது. கடைசியில் ஒரு நாள், குமாரி சுகமாகிவிட்டாள், மிருகக்காட்சிசாலைக்கு வந்து பார்க்கலாம் என்றார்கள். கீழ்நாட்டில் ஒரு இடம், பெயர் வேண்டாம். டீவியில் அங்கே ஒரே கூட்டம்.

தோட்டத்தில் பஸ் பிடித்தார்கள். கண்டாக்கையாவும் வந்தார். அப்பா வரமாட்டேன் என்றார். "நீங்க மட்டும் வராட்டி ஏன்னு கேப்பாங்க" என்றாள் அம்மா. அப்பா சட்டையை மாட்டினார். பஸ்ஸில் மாமா பிள்ளைகள் எங்களுக்கு ஒரு சட்டம் போட்டார்.

"கீழ போய் புலி புலின்னு கத்தக் கூடாது, அவங்க வேற புலின்னு நினைச்சுக்குவாங்க. குமாரின்னு சொல்லுங்க, போதும்."

உள்ளே போனால் சிங்கம் தனியாகத் தூங்கியது. கரடிக்கு முன்னால் ஒரு கிழவர் மட்டும் நின்று கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தார். ஒரே ஒரு கூண்டுக்கு முன்னால் ஊரே நின்றது. வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் குமாரி குமாரி என்று கூப்பிட்டார்கள். ஒரு அக்கா அதற்கு முதுகைக் காட்டி நின்று, தலைமுடியைச் சரிபண்ணி போனில் படம் எடுத்தாள். மாமா முழங்கையால் வழி பண்ணிக்கொண்டே, "வழி விடுங்க, எங்க தோட்டத்துப் பொண்ணு" என்றார். யாருக்கும் தமிழ் விளங்கவில்லை.

அது கம்பியோரம் வந்து நின்றது. கொழுத்திருந்தது. இடுப்பில் முடி படிந்து கிடந்தது. புண்ணெல்லாம் ஆறிவிட்டது பார் என்று யாரோ சொன்னார்கள்.

இரண்டு காதும் முழுதாக இருந்தன.

"இது அது இல்ல," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "அதுக்கு இந்தப் பக்கக் காது கிழிஞ்சிருந்துச்சு."

எங்கள் ஆட்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கண்டாக்கையா குனிந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை, சிரித்த முகம்.

"துணி போட்டு மூடித்தானே கொண்டு போனாங்க. காது உனக்கு எப்படித் தெரியும்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். கண்டாக்கையாவும் அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் கை என் தோளில் இருந்தது.

அப்போது பெரியம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"காது அன்னைக்கே நல்லாத்தான் இருந்துச்சுங்க. காத்துல துணி விலகுனப்ப நான் பார்த்தேன். ரெண்டு காதும் முழுசு."

அவள் எங்கே பார்த்தாள்? எனக்குப் பக்கத்தில்தான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள். மாமாவும் பார்த்தேன் என்றார். பெரியம்மாவின் மகன் பார்த்தேன் என்றார். கடைசி வீட்டுத் தாத்தாவுக்குக் கண்புரை. அவரும் பார்த்தேன் என்றார்.

"இது நம்ம குமாரிதாங்க," என்றாள் பெரியம்மா. "எங்க நாயத் தின்ன மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

சிலர் சிரித்தார்கள். கண்டாக்கையா சிரிக்கவில்லை. போனை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் மறுபடி வாயைத் திறந்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள். ஒரு வாரம் கன்றியிருந்தது.

காக்கிச்சட்டைக்காரர்கள் அதற்குப் பிறகு வரவில்லை. குமாரிதான் உயிரோடு இருக்கிறாளே. இரண்டு மாதத்தில் டீவி ஒரு யானைக்குட்டிக்குப் பெயர் வைத்தது. கடை முதலாளி படத்தைக் கிழித்துவிட்டார். எங்கள் தோட்டத்தில் அதற்குப் பிறகு யாரும் கம்பி கட்டவில்லை என்று எழுத ஆசைதான். கட்டினார்கள். அப்பா மட்டும் கட்டவில்லை. அந்த வருஷம் எங்கள் பாத்தியைப் பன்றி முழுதாகத் தின்றது.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும். திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியம்மா எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தாள். அம்மா வாங்கிக்கொண்டாள். நான் வாங்கவில்லை. பொய் சொல்கிறவள் கையால் வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முன் சீட்டில் அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. வளைவு ரோடு, பஸ் ஆட்டுகிறது என்று நினைத்தேன்.

ஒரு டீவிப் பெட்டி இத்தனை பெரிய ஆட்களை ஏமாற்றிவிட்டதே என்றிருந்தது. ஏமாறாதவள் நான் ஒருத்திதான் என்று ஊர் வந்து சேரும் வரை பெருமையாக வந்தேன்.