கைராசிக்காரர் வெட்டிய மரங்கள்

கைராசிக்காரர் என்றுதான் கடற்கரையில் அவரைக் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்ததோடு சரி. இருபத்தாறு வருஷமாக ஆமை முட்டைக் காவலர். விடிந்தும் விடியாததுமாக ஒன்பது கிலோமீட்டர் மணலில் நடப்பார். ஆமை ஏறி வந்த தடம் தெரிந்தால், குச்சியால் குத்திப் பார்த்து, தோள் வரை கையை விட்டு, நூறு நூற்றிருபது முட்டைகளை ஒவ்வொன்றாக வாளியில் அடுக்குவார். முட்டை உருளக் கூடாது. உருண்டால் உள்ளே இருக்கிற உயிர் போச்சு. கம்பிவேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்து, தேதிப் பலகை நட்டு, நாயிடமிருந்தும் மனிதனிடமிருந்தும் காத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுவார். அவர் கை பட்ட குழி பொய்த்ததே இல்லை. அதனால் வந்த பெயர்.

ஆரம்பத்தில் பொரிப்பகத்தின் மேல் ஏழு மரங்கள் நிழல் விரித்திருந்தன. நிழலில் இருந்த குழிகள் பொரிய அறுபது நாள் ஆயிற்று. வெயிலில் இருந்தவை நாற்பத்தைந்தே நாளில் குஞ்சுகளை வெளியே தள்ளின. பதினைந்து நாள் லேசா? அதற்குள்தான் எறும்பு வரும், மழை வரும், நாய் வேலிக்கடியில் பள்ளம் பறிக்கும். மனுஷர் யோசித்தார். ஐந்தாவது வருஷம் கோடரியை எடுத்து ஏழு மரத்தையும் தானே வெட்டிச் சாய்த்தார். மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். மற்ற நான்கு கடற்கரைக் காவலர்களும் வந்து பார்த்துவிட்டுப் போய், அவரவர் மரங்களை வெட்டினார்கள். அத்தனை பேரும் நல்ல மனதோடு வெட்டியவர்கள். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

குஞ்சாகப் போன ஆமை வளர்ந்து முட்டையிட வர பதினைந்து வருஷமாவது ஆகும். கைராசிக்காரர் காத்திருந்தார். வீண்போகவில்லை. அவர் சேர்ந்த வருஷம் நாற்பத்தோரு குழி. போன வருஷம் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் கோடு கிடுகிடுவென்று ஏறியிருந்தது. யார் வந்தாலும் கையைப் பிடித்து இழுத்துப்போய் அதன் முன்னால் நிறுத்துவார்.

ஓய்வு பெற ஒரு மாதம் இருந்தபோது குழிகள் பொய்த்தன. நாற்பத்தைந்து நாள் போனது, அறுபது போனது. மணலில் காதை வைத்துக் கேட்டார். தோண்டிப் பார்த்தால் நாற்றம்தான் குப்பென்று அடித்தது. அடுத்த குழியும் அப்படியே, அதற்கடுத்ததும்.

"வயசாயிடுச்சு. கை நடுங்குது. உருட்டிட்டீங்க," என்றார் மேலதிகாரி, நாலு பேர் முன்னால்.

வீட்டில் மனைவி, "விடுங்களேன், இன்னும் ஒரு மாசம்தானே," என்றாள். அவரால் விட முடியவில்லை. இருபத்தாறு வருஷத்தில் கை ஒன்றுதான் மிச்சம். அதையும் பழித்துவிட்டான் என்று பொருமினார். பத்து முட்டைகளை ஈர மணலில் பொதிந்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, பரிசோதனைக்கூடத்தில் தன் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தார்.

பத்தாம் நாள் அங்கிருந்து ஒரு அம்மா நேரிலேயே வந்தாள்.

"ஐயா, உங்க கை மேல தப்பே இல்ல. முட்டையில கருவே பிடிக்கல."

"கேட்டீங்களா சார்?" என்று மேலதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். பாவி மனுஷர், அதோடு விட்டிருக்கலாம். "ஏம்மா பிடிக்கல?" என்று கேட்டார்.

"கடல்ல ஆண் ஆமை இல்லையே ஐயா. மணல் சூடா இருந்தா பொறக்கறது பூரா பொண்ணு. நிழல்ல, குளிர்ச்சியில இருந்தாத்தான் ஆண். இங்க எப்பவுமே நிழல் கிடையாதா?"

"ஏழு மரம் இருந்துச்சு."

"அடப்பாவமே! யாரு வெட்டினது?"

மேலதிகாரி அவரைப் பார்த்தார். அவர் தன் கையைப் பார்த்தார்.

ஆண் ஆமை பிறந்த அன்று கடலுக்குள் போனால், பிறகு கரைப்பக்கம் தலைவைத்தும் படுக்காது. ஏறி வருவதெல்லாம் பெண். ஆபீஸ் எண்ணியதும் பெண்ணை மட்டும்தான். பழைய ஆண்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்க, சுவரில் கோடு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. "இது பழைய புத்தகத்துலயே இருக்கே," என்றாள் அந்த அம்மா. இருந்தது. மரம் வெட்டுவதற்கு முன்பே வாங்கிய புத்தகம், ஆபீஸ் அலமாரியில், பூட்டுக்குள்.

ஜீப் டிரைவர் வாயிலிருந்து விஷயம் டீக்கடைக்குப் போயிற்று. கைராசிக்காரருக்கு மூன்று பெண்கள்; ஊர் சும்மா விடுமா? "வீட்டுல மூணு, கடல்ல மூணு லட்சம். உங்க கைராசி அப்படி!" என்றான் ஒருவன். பெஞ்சே குலுங்கச் சிரித்தார்கள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

நேராக மேலதிகாரியிடம் போனார். "ஒரு கீத்துப் பந்தலாவது போட்டுடலாம் சார். பத்துல ஒரு குழியிலயாவது இன்னும் கரு இருக்கும், அதாவது ஆணாப் பொறக்கட்டும். அஞ்சு கரைக்கும் சொல்லிடலாம்."

"சொல்லி? இருபது வருஷமா தப்பு பண்ணினோம்னு நாமளே எழுதிக் கொடுக்கறதா? எண்ணிக்கை ஏறிட்டுத்தானே இருக்கு. உங்க ஓய்வு விழாவுக்குப் பெரியவங்க எல்லாம் வர்றாங்க. வாயை மூடிட்டு மரியாதையா வீட்டுக்குப் போங்க."

விழாவில் அந்த வரைபடத்தையே கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். பேசினவர்கள் எல்லாம் அவர் கையைத்தான் புகழ்ந்தார்கள். மற்ற நான்கு கரைக் காவலர்களும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மனைவியும் மூன்று பெண்களும் முதல் வரிசையில், முகமெல்லாம் பல்லாக. "ரெண்டு வார்த்தை பேசுங்க," என்று மைக்கை நீட்டினார்கள். வாங்கினார். மரம் என்று தொடங்கத்தான் வாயைத் திறந்தார். கடைக்குட்டி அழுதுகொண்டே கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் உங்க ஆதரவு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் விடியலில் கால் பழக்கதோஷத்தில் கரைக்கே போயிற்று. மணல் முழுக்கத் தடம். புதிதாகச் சேர்ந்த காவலர் அம்மா, வாளியை இடுப்பில் அணைத்து, அலுங்காமல் குலுங்காமல் நடந்து வந்தாள்.

"ஐயா, இன்னைக்கு மட்டும் இருபத்து மூணு குழி! எல்லாம் உங்க கைராசி."

நிழல் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வாளிக்குள் எட்டிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று, ஒன்றுகூடச் சாயாமல் அடுக்கியிருந்தாள்.

"உருட்டிடாதம்மா," என்றார்.