மேசையில் விட்டுவந்த தொப்பி

எங்கள் குடும்பத்தில் எவர் கார் எடுக்கப் போனாலும் நீக்கிலாப்பிள்ளை அத்தானையும் ஏற்றிக்கொண்டுதான் போகவேண்டும். யாரும் போட்ட சட்டம் இல்லை. ஆனால் ஒருமுறை மீறிப் பாருங்கள். அவர் மனைவி, அதாவது என் அக்கா வேரோனிக்கா, மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அத்தானுக்குக் கண்பார்வை குறைந்து லைசன்ஸ் போய்விட்டது. சொந்தக் கார் இல்லாத குறைக்குத்தான் ஊரார் கார்களில் இத்தனை அக்கறை என்பது என் கணிப்பு.

அவரிடம் இருப்பது ஒரேயொரு வித்தை. ஊரில் மீன் சந்தையில் பழகியது. விலை கேட்பார், சிரிப்பார், எழும்பி நடப்பார். விற்கிறவர் பின்னால் நின்று கூப்பிடவேண்டும். கூப்பிடாவிட்டாலும் கவலையில்லை. தன் கம்பளித் தொப்பியை மேசையில் மறந்தவர்போல் விட்டுவிட்டுத்தான் எழும்புவார். அதை எடுக்கத் திரும்பிப் போகிற சாட்டில் பேச்சு மறுபடி தொடங்கும். தன் மகன் மரியோவுக்குக் கார் எடுத்தபோது அப்படித்தான் வென்றார். குடும்பமே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன், மடைச்சி.

நான் வீடு வீடாகப் போய் வயோதிபர்களைப் பராமரிக்கிறவள். விடியற்காலை ரூஜ் பக்கம் ஒருவரைக் குளிப்பாட்டிவிட்டு, அஜின்கோர்ட் பக்கம் இன்னொருவருக்குச் சாப்பாடு தீத்த ஓடவேண்டும். கார் இல்லையென்றால் வேலையும் இல்லை. நாலு வருடத்துக்கு முன் லீஸுக்கு ஒன்று எடுத்தேன். லீஸ் என்றால் வாடகை மாதிரித்தான். மாதாமாதம் கட்டலாம், ஆனால் வருடத்துக்கு இத்தனை கிலோமீற்றர் என்று எழுதிவிடுவார்கள். மேலே ஓடினால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் தண்டம். அத்தான் எனக்காக மாதக் கட்டணத்தை இறக்கினார், அப்படி இறக்கினார். அது எப்படி இறங்கியதென்று பிறகுதான் விளங்கியது. கிலோமீற்றரை வெட்டியிருந்தார்கள்.

வேலைக்கு ஓடவே அது காணாது. ஞாயிறு பூசைக்கு பஸ்ஸில் போனேன். என் மகள் ஷரோன் ஐந்து மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற ஒட்டாவாவில் பிள்ளை பெற்றபோது, கார் வாசலில் நிற்க, பத்தியக் கறிக்கான சரக்குத்தூள் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. என்னை "போன் அம்மம்மா" என்கிறாள். போனில் மட்டும் வருகிற அம்மம்மாவாம். 

ஆகவே இந்த முறை எனக்கு வேண்டியது கிலோமீற்றர் மட்டும்தான். போகிற வழியெல்லாம் அத்தானுக்கு அதையே ஓதினேன். "ஓம் ஓம்" என்றார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

பழைய காரைத் திருப்பிக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். கார்க் கடையில் விற்பனை செய்கிறவள் சாம்பவி என்ற தமிழ்ப் பிள்ளை, இங்கேயே பிறந்தவள். மேசைக்கு வந்ததும் அத்தான் தொப்பியைக் கழற்றி வைத்தார். வித்தை தொடங்கிவிட்டது.

"பிள்ளை, மாசக்காசை இன்னும் இறக்கு."

"அங்கிள், திஸ் இஸ் த பெஸ்ட். கிலோமீற்றரைக் குறைச்சால் கொஞ்சம் இறக்கலாம்."

"அப்ப குறை!" என்றார் அத்தான். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஐயோ அத்தான், அதைக் கூட்டத்தானே வந்தனாங்கள்!"

"நீ சும்மா இரு றெஜினா. உனக்குப் பேசத் தெரியாது."

சாம்பவி பேனையைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஸோ அன்ரி, குறைக்கிறதா, கூட்டுறதா?"

நான் வாய் திறப்பதற்குள் அத்தான் சிரித்தார். எழும்பினார். நடந்தார். தொப்பி மேசையில். கூட வந்தவர் கதிரையில் இருந்தால் வித்தை பலிக்காதாம். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

வெளியே பனி கொட்டியது. பழைய காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தோம். நின்ற இடத்தில் கிலோமீற்றர் ஏறாது என்பது ஒன்றுதான் ஆறுதல். "பார், இப்ப கூப்பிடுவாள்" என்றார் அத்தான், கண்ணாடிக் கதவையே பார்த்தபடி.

கதவு திறந்தது. சாம்பவி கோட்டும் இல்லாமல் பனிக்குள் ஓடிவந்தாள். அத்தானின் முகம் மலர்ந்தது. "கண்டியோ!" என்று என் தோளில் தட்டினார்.

அவள் ஜன்னலுக்குள்ளால் கையை நீட்டினாள். கையில் தொப்பி. "அங்கிள், இதை விட்டிட்டு வந்திட்டீங்கள். குளிர், கவனம், என்ன?" கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடிவிட்டாள்.

அத்தான் தொப்பியை மடியில் வைத்துப் பனியைத் தட்டினார்.

"இனி என்ன சாட்டு?" என்றேன்.

"பொறடி. மனேஜரிட்டைக் கதைச்சுக்கொண்டு இருப்பாள்."

மனேஜராவது மண்ணாங்கட்டியாவது! எங்கள் கதிரைகளில் வேறொரு புருஷனும் மனைவியும் இருந்து கோப்பி குடிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. நாளைக்கு விடியப்புறம் ஒரு கிழவர் நனைந்த படுக்கையில் என்னைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்; இங்கே இவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். கதவைத் திறந்தேன்.

"இப்ப திரும்பிப் போனால் மதிப்பில்லையடி!"

"மதிப்பை நீங்களே வைச்சிருங்கோ. எனக்குக் கிலோமீற்றர் வேணும்."

அந்த இருவரும் எழும்பும்வரை நின்றுகொண்டிருந்தேன். பிறகு சாம்பவியிடம், "மாசக்காசு நீ சொன்னதிலும் கூடட்டும் பிள்ளை. ஆனால் நான் சொல்லுற அளவுக்குக் கிலோமீற்றரைக் கூட்டு" என்றேன். கூட்டினாள். கட்டணமும் ஏறத்தான் செய்தது. கையெழுத்துப் போடும்போது, "அங்கிள் கோவிக்கமாட்டாரா?" என்று கேட்டாள். கோவிக்கட்டும் என்றேன்.

புதிய காரை வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். அத்தான் முன் சீற்றில் ஏறினார். இறக்கினவங்களோ என்று கேட்டார். இல்லை, ஏற்றினவங்கள் என்றேன். தலையில் கைவைத்தார். "உன்னை நம்பி விட்டால் இப்பிடித்தான். போன முறை எவ்வளவு குறைச்சுத் தந்தனான்!"

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "போன முறை நீங்கள் குறைச்சது ஒட்டாவாவை அத்தான். நாலு வருசமா என்ர பிள்ளையிட்ட நினைச்ச நேரம் போக ஏலாமல் கிடந்தனான். அவளின்ர குஞ்சு என்னைப் போன் அம்மம்மா எண்டு கூப்பிடுறாள். உங்கட கெட்டித்தனம்!"

   அத்தான் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து இறங்கி உள்ளே போனார்.

போச்சு, அக்கா இனி என்னோடு பேசமாட்டாள் என்று நினைத்தேன். கண்ணாடிக்கு அப்பால் சாம்பவியின் மேசை தெரிந்தது. அத்தான் கதிரையில் இருக்கவில்லை, சிரிக்கவில்லை, எழும்பி நடக்கவும் இல்லை. நின்றபடியே ஏதோ சொன்னார். தொப்பி தலையில்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது இரண்டு றபர் கால்விரிப்புகள் அவர் கக்கத்தில் இருந்தன. "எங்களுக்கு முன்னுக்கு விரிப்புக் கிடக்கே" என்றேன், இன்னும் கோபம் தீராமல்.

அவர் பின்கதவைத் திறந்து, குனிந்து, இரண்டையும் இழுத்துச் சரிபார்த்து விரித்தார்.

"பின்னுக்குத்தான் கேட்டனான்" என்றார். "குஞ்சு சப்பாத்தோட ஏறுவாள்."