வெள்ளைப் புள்ளி வைத்த தேனீக்கள்

அப்பா இறந்த வருடம், பதினேழு வயதில், ராதாமணி மதுரை சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடைக்கு பில் போடும் வேலைக்குப் போனார். மாலைக் கல்லூரியில் படித்து, மேற்படிப்பும் முடித்து, விலங்கியல் ஆசிரியை ஆனார். முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கும்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. அது 2002. திருநகர் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு தேன் பெட்டிகளை வைத்தார்.

இளம் தேனீக்கள் கூட்டுக்குள்ளேயே இருந்து புழுக்களுக்கு ஊட்டும். வயது ஏறிய பிறகுதான் பூ தேடி வெளியே போகும். அப்போது அவற்றின் மூளையில் ஆக்டோபமைன் என்ற ரசாயனம் கூடுகிறது. அதைச் சர்க்கரைப் பாகில் கலந்து கொடுத்தால் நம் நாட்டு இளம் தேனீக்கள் முன்கூட்டியே கிளம்புமா? இதுதான் ராதாமணியின் கேள்வி. ஒரு பெட்டிக்கு மருந்து கலந்த பாகு. அதன் இளம் தேனீக்களின் முதுகில் நீலப் புள்ளி. மற்றதற்கு வெறும் பாகு. அங்கே வெள்ளைப் புள்ளி.

ஒரே வாரத்தில் நீலப் புள்ளிகள் வெளியே பறந்தன. ராதாமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. பக்கத்து வீட்டு சோலையம்மாள் மாடிச்சுவர் அருகே வந்து சத்தம் போட்டார்.

"டீச்சர், இங்க வந்து பாருங்க! ஒங்க தேனீயெல்லாம் தரையில கெறங்கிப் போயி சுத்துது. எம் மகளக் கொட்டிப்புடுச்சு. அப்படி என்னத்தத்தான் மருந்துன்னு கலந்து குடுக்குறீக? எம் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமா?"

"ஒண்ணும் ஆகாதுக்கா" என்றார் ராதாமணி. சொன்ன பிறகு அவருக்கே அது நிச்சயமில்லை. சிறுமியின் வீங்கிய கையில் ஐஸ் வைத்தார். காய்ச்சல் வருகிறதா என்று மூன்று முறை போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சிறுமி சிரித்தாள். அளவு தப்பிவிட்டதோ என்ற நினைப்பு மட்டும் அவரை விடவில்லை. அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் செத்த தேனீக்களைக் கூட்டி அள்ளிப் பார்த்தார். எதன் முதுகிலும் புள்ளி இல்லை. எல்லாம் வெளிவேலைக்குப் போகும் மூத்த தேனீக்கள். வெறும் பாகு குடித்த பெட்டியின் வாசலிலும் அதே மாதிரி குவிந்து கிடந்தன. அப்போதுதான் கவனித்தார்: அந்தப் பெட்டியிலிருந்து வெள்ளைப் புள்ளி வைத்த இளம் தேனீக்களும் வெளியே பறந்துகொண்டிருந்தன.

வெளியே எங்கோ தொட்டதுதான் மூத்தவற்றைக் கொன்றிருக்க வேண்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு காலனிக்குப் பின்னால் இருந்த பருத்திக்காட்டுக்குப் போனார். வரப்பிலேயே நெடி மூக்கில் ஏறியது.

"அஞ்சாறு நாளா அடிக்கிறோம்மா, காய்ப்புழுவு தாங்கல" என்றார் அங்கே நின்ற விருமாண்டி, மருந்து டப்பாவைத் தோளிலிருந்து இறக்காமலே.

பூச்சிமருந்தில் மூத்தவை செத்துவிட்டன. சம்பாதிக்க ஆளில்லாத கூட்டிலிருந்து, பாகில் எதுவும் கலக்காமலே, சின்னவை கிளம்பிவிட்டன. இனி நீலப் புள்ளிகள் பறந்ததற்குத் தன் மருந்துதான் காரணம் என்று அவர் எப்படிச் சொல்வார்?

கணவர் வெங்கடேஷ்பாபு, வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில், மெதுவாகக் கேட்டார். வெள்ளைப் புள்ளிகளை யார் பார்த்தார்கள், நீலத்தை மட்டும் எழுதினால் என்ன? இன்னொரு வருடம் உன் உடம்பு தாங்குமா? அடுத்த நாள் ராதாமணி ஆய்வு வழிகாட்டியிடம் போய் இரண்டு நிறமும் பறந்ததைச் சொன்னார். மறுபடியும் முதலிலிருந்து செய்யும்படி ஆனது.

அடுத்த ஆண்டு வண்டியூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் புதிய பெட்டிகள். எங்காவது ஸ்பிரேயர் சத்தம் கேட்கிறதா என்று தினமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். இந்த முறை வெள்ளைப் புள்ளிகள் உள்ளேயே இருந்தன. நீலப் புள்ளிகளில் பல முன்கூட்டியே பறந்தன. சில திரும்பி வரவில்லை.

பட்டம் கிடைத்தது. அதன் பிறகும் தேனீ வளர்த்தார், பாடம் எடுத்தார். ஆனால் பாகில் எதையும் கலக்கவில்லை. ஏன் மேடம் என்று மாணவிகள் கேட்டால், "பயமா இருக்கும்மா, முன்கூட்டி அனுப்புனதுல சிலது திரும்பி வரல" என்பார்.