வேன் அக்கா பார்க்கும் பொம்மைப் படங்கள்

திரையில் விளம்பரங்கள் ஓடும்போதே நவமணி செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுகிறார். குளிர் ஆகாது என்பதால் தோளில் ஒரு துண்டு. கைப்பைக்குள் வாழையிலையில் மடித்த நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கிறதே என்று யாராவது கேட்டால், "இது சாப்பாடு இல்லலா, மருந்து. பசியோட படம் பாத்தா எனக்குத் தல சுத்தும்" என்பார். மலேசியாவில் ஈப்போ நகரத்து அந்தத் திரையரங்கில், வியாழக்கிழமை காலைப் பதினொரு மணிக் காட்சிக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம். அந்தப் பத்தில் ஒருவர் நவமணி. ஆனால் எல்லாப் படத்துக்கும் வரமாட்டார். பொம்மையை வைத்து எடுத்த படம் என்றால் மட்டும்தான்.

முடிவு வரை இருப்பதும் இல்லை. பன்னிரண்டரைக்குத் திரையில் உலகமே அழிந்துகொண்டிருந்தாலும் எழுந்து, இருட்டில் காலால் செருப்பைத் துழாவி மாட்டிக்கொண்டு போய்விடுவார். ஒரு மணிக்குப் பள்ளி விடும். பதினான்கு பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். நாற்பத்தொன்பது வயது நவமணி பள்ளி வேன் ஓட்டுகிறார், பத்தொன்பது வருடமாக. ஒன்றைத் தவிர, இதுவரை பார்த்த பொம்மைப் படங்களின் கடைசிக் கட்டம் எல்லாம், சனி ஞாயிறில் பெற்றோரோடு பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்வார்கள். அதில் எது நன்றாக இருக்கிறதோ அதையே படத்தின் முடிவாக வைத்துக்கொள்வார்.

அவருடைய வேனில் ஒரு சட்டம் உண்டு. கைப்பேசி பைக்குள் போக வேண்டும். கையில் ஏதாவது பொம்மை இருந்தால் சன்னலோர இருக்கை. "போன உள்ள போடு. பொம்ம இருக்கா? அப்ப சன்னல் பக்கம் வா." அந்த இருக்கைக்காகவே பிள்ளைகள் சக்கரமில்லாத கார், காதறுந்த கரடி என்று வீட்டில் மூலையில் கிடந்ததை எல்லாம் தேடி எடுத்து வருவார்கள். கண்ணாடி வழியே பின்னால் பார்த்தபடி, அவை என்ன பேசிக்கொள்கின்றன என்று கேட்டுக்கொண்டே ஓட்டுவது நவமணிக்குப் பொழுதுபோக்கு.

பொம்மைப் படங்களின் மேல் அவருக்கு இருக்கும் சந்தேகம் அந்தக் கண்ணாடியில்தான் ஆரம்பித்தது. இரண்டாம் வகுப்பு கவிநயாவின் கரடி ஒரு வாரம் பல் டாக்டர், மறு வாரம் மீன்காரன். ஒருநாள் காலை முழுக்க அது லாரி ஓட்டியது. கரடியை வைத்து ஒரு படம் வந்தது. கவிநயா அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அவள் கரடி படத்தில் வரும் கரடியாகவே ஆகிவிட்டது. அதே வசனம், அதே சிரிப்பு. நவமணி மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார். மீன்காரன் திரும்பி வரவே இல்லை.

"மொத பத்து நிமிசம் பாக்கணும் நீங்க" என்பார் யாராவது கேட்டால். "கையளவு இருந்த பொம்ம வீடு பெருசுக்கு நிக்கும். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துரும். அப்புறம் அது வாயத் தொறக்கும் பாருங்க, அதோட சரி. அதே பேசிக்கிட்டுப் போனா நம்ம பிள்ளைங்க என்னா பேசும்?" அப்படியானால் ஏன் ஒன்று விடாமல் போகிறார்? "அடுத்தவன் ஒழுங்கா எடுத்திருப்பான்லா. போய்ப் பாக்காம எப்படித் தெரியும்?"

போன வருடத் தொடக்கத்தில் திரையரங்கு வாசலில் ஒரு சுவரொட்டியைப் பார்த்து அவர் அப்படியே நின்றுவிட்டார். நீலப் பச்சை உடை, ஓங்கிய வலது கை, நெற்றியில் மின்னல் குறி. 'கெப்டன் கிலாட்', விரைவில். கிலாட் என்றால் மலாயில் மின்னல். எண்பதுகளில் இந்த நாட்டிலேயே செய்து விற்ற பொம்மை அது என்று கீழே போட்டிருந்தார்கள். அதற்கு அப்படி ஒரு பெயர் இருந்தது நவமணிக்கு அன்றுதான் தெரியும்.

கோலா கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில்தான் அவர் பிறந்தார். அம்மா வேலை செய்த, தோட்டத்து எழுத்தரான கிராணியின் வீட்டிலிருந்து, அவர்கள் பிள்ளை வேண்டாம் என்று போட்ட பொம்மையாக அது வந்து சேர்ந்தது. பெட்டி இல்லை, பெயர் இல்லை. தோட்டத்து எல்லையில் அரிவாளை ஓங்கி நிற்கும் முனியாண்டியைப் போலவே கையைத் தூக்கிக்கொண்டிருந்ததால், நவமணியும் மூன்று வயது மூத்த அண்ணன் கோகிலனும் அதற்குச் 'சின்ன முனி' என்று பெயர் வைத்தார்கள். பாதை நடுவே அதை நிறுத்துவார்கள். கோகிலன் பின்னால் குந்திக்கொண்டு தொண்டையைக் கரகரப்பாக்கிக் கேட்பான்: "யாருடா அது? எங்க போற?" போகிற பிள்ளை ஒவ்வொன்றும் பதில் சொன்னால்தான் வழி. ஒருவன் பாட்டாளியாகி ரப்பர்ப் பால் வாளி தூக்கிப் போவான், ஒருத்தி ராணியாகிக் கல்யாணத்துக்குப் போவாள், ஒருத்தி புலியைத் தேடிப் போவாள். நவமணி மட்டும் ஒருநாள் ஐந்து தடவை, ஐந்து ஆளாகக் கடந்து போயிருக்கிறார்.

அன்று சாயங்காலம் அவர் வேன் பிள்ளைகளின் அம்மாக்கள் இருக்கும் வாட்சாப் குழுவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். "ஹலோ, வேன் அக்கா பேசுறேன். அந்த கெப்டன் படம் வருதாம். வேற கிரகத்துலேர்ந்து வந்தவன்னு போட்டிருக்கானுங்க. எந்தக் கிரகம்? அவன் எங்க தோட்டத்து மூணாம் டிவிசன்காரன்லா! அவன் கேள்வி மட்டுந்தான் கேப்பான், பதில் நாங்க சொல்லணும். இவனுங்க அவன என்னா பேச வெச்சிருக்கானுங்களோ, எனக்குப் பயமா இருக்கு." செய்தி குழு விட்டுக் குழு தாவியது. பத்து நாள் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு.

"அக்கா, நான் பழனியப்பன். அந்தப் படத்துக்கு நாந்தான் டைரக்டர். நேர்ல வந்து திட்டுறீங்களா?"

ஈப்போவின் பெர்ச்சாம் பகுதியில் ஒரு டயர்க் கடையின் மேல்மாடியில் அவர்கள் படம் செய்யும் கூடம் இருந்தது. முப்பது தாண்டிய பழனியப்பன் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு இருந்தார். பாதி முடிந்திருந்த படத்தை ஓட்டிக் காட்டினார். கெப்டன் பறந்தான், உதைத்தான், உதைக்கும்போதும் விடாமல் பேசினான். நவமணி கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"எப்படிக்கா?"

"படம் அழகா இருக்கு தம்பி. மின்னல் அடிக்கிற எடம் எனக்குப் புல்லரிச்சிருச்சு. ஆனா வாய்தான் ஓயவே மாட்டேங்குது."

"சரி, உங்க தோட்டத்துல எப்படிப் பேசுவான்? கொஞ்சம் பேசிக் காட்டுங்க."

நவமணி வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. இன்னொரு முறை முயன்றார். வந்தது அவருடைய சொந்தக் குரல்தான், பிள்ளைகளை வேனில் ஏறச் சொல்லும் குரல். "அது நான் இல்ல தம்பி. எங்க அண்ணன் குரல்."

"அண்ணன் எங்க இருக்காரு?"

"கமுந்திங்ல."

"பக்கந்தானே? கூட்டிட்டு வாங்கலா."

பக்கம்தான். ஆனால் ஏழு வருடமாக நவமணி அந்தப் பக்கம் போனதில்லை. நவமணியோடு இருந்த அம்மாவைத் தீபாவளிக்கு என்று கோகிலன் கமுந்திங்குக்கு அழைத்துப் போயிருந்தார். பண்டிகை முடிந்து பள்ளி திறந்த வாரம் அங்கேயே அம்மா தவறிப்போனார். சேதி உறவுக்காரர் வழியாக நவமணிக்கு வந்து சேர்ந்து, அவர் போய் இறங்கியபோது அம்மாவை எடுத்து, வீட்டு வாசலையும் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரத் தரையில் நின்று அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேனைத் திருப்பியவர்தான். பிறகு கல்யாண வீடுகளில் எதிரே வந்தாலும் இருவரும் வேறு வேறு பந்தியில் உட்கார்ந்தார்கள்.

டயர்க் கடைக்குக் கீழே வேனில் உட்கார்ந்து நவமணி மூன்று முறை பேசிப் பதிந்து மூன்று முறை அழித்தார். ஒரு முறை பழக்கதோஷத்தில் "ஹலோ, வேன் அக்கா பேசுறேன்" என்று ஆரம்பித்துவிட்டார். நான்காவதாக அனுப்பியது இவ்வளவுதான்: "அண்ணே, மணி பேசுறேன். சின்ன முனிய வெச்சுப் படம் எடுக்குறாங்க. அவன் எப்படிப் பேசுவான்னு கேக்குறாங்க. எனக்குத் தெரியல."

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், பள்ளி விடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு, அவருடைய கைப்பேசி ஒலித்தது. பதினொரு விநாடிக் குரல் செய்தி. முதலில் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு, ஐம்பது தாண்டிய குரலுக்குள்ளிருந்து அந்தப் பழைய கரகரப்பு: "யாருடா அது? எங்க போற?" கடைசியில் அண்ணனுடைய சொந்தக் குரலில், மெதுவாக: "மணி, நல்லா இருக்கியாம்மா?"

அன்று வேனில் ஏறிய பிள்ளைகள், அக்காவுக்கு ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டார்கள். "மொளகாய் தொட்டுட்டேன்லா, ஏறு ஏறு" என்றார்.

கோகிலன் தொழிற்சாலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வந்தார். தலை நரைத்து, தொப்பை போட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் பழனியப்பன் முன்னால் பெண் பார்க்க வந்தவர் போல் உட்கார்ந்திருந்தார். ஒலிவாங்கியைப் பார்த்ததும் வியர்த்தது. ஆனால் ஒரு முறை "யாருடா அது?" என்றதும் அறையில் இருந்த நான்கு இளைஞர்களும் கணினியை விட்டுத் திரும்பினார்கள்.

"அண்ணே, உண்மையச் சொல்லிடுறேன்" என்றார் பழனியப்பன். "குரலுக்குக் கோலாலம்பூர்ல ஆள் பேசி முடிச்சாச்சு. என்னால மாத்த முடியாது."

"குரல் யாருதா இருந்தா என்னா தம்பி" என்றார் கோகிலன். "கேட்டுட்டு நிறுத்தச் சொல்லுங்க. நான் நிறுத்துவேன். இவ பதில் சொல்ற வரைக்கும் பேச மாட்டேன். அதான் வெளையாட்டு."

நவமணி முன்னால் சாய்ந்தார். "ஒரே ஒரு எடத்துல தம்பி. அவன் கேக்கட்டும். கேட்டுட்டு பிள்ளைங்கள பாத்துக்கிட்டுச் சும்மா நிக்கட்டும். எதிரே உக்காந்திருக்குற பிள்ளைங்க சும்மாவா இருக்கும்?"

"தியேட்டர்ல அமைதியா இருந்தா ஜனங்க போன எடுத்துருவாங்கக்கா. என் முதலாளி என்னைத் தொலைச்சிருவாரு." பழனியப்பன் சிரித்தார். வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் அவர்கள் கிளம்பும்போது அந்தக் கேள்வியைத் தாளில் எழுதி, கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

கீழே ஒரு கடையில் ரொட்டியும், நுரை பொங்க இழுத்து ஆற்றிய தே தாரேயும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். கோகிலன் கண்ணாடிக் குவளையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு ஒரு தடவதான் போன் அடிச்சேன் மணி. நீ எடுக்கல. மறுபடி அடிச்சிருக்கணும். உன் குரலக் கேட்டா ஒடஞ்சிருவேன்னு பயந்துட்டேன். அம்மாவ எடுத்துட்டுப் போறப்பகூட நீ வர்றியான்னு ரோட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நான் வேன் ஓட்டிக்கிட்டு இருந்தேண்ணே" என்றார் நவமணி. பிறகு தன் தட்டிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவர் தட்டில் வைத்தார்.

படம் இந்த வருடப் பள்ளி விடுமுறையில் வந்தது. வேன் ஓட்ட வேண்டாத வியாழக்கிழமை. நவமணி முதல் முறையாகக் கடிகாரம் பார்க்காமல் உட்கார்ந்தார். பக்கத்தில் கோகிலன். அரங்கு நிறையப் பிள்ளைகள்.

முதல் பத்து நிமிடம் வழக்கம்போல் கண் கலங்கியது. பிறகு வழக்கம்போல் கெப்டன் பேச ஆரம்பித்தான், பறந்தான், ஏதோ ஒரு கிரகத்தைப் பற்றி விளக்கினான். நவமணி துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அதே கததாண்ணே" என்று முணுமுணுத்தார். சண்டை ஒன்று முடியவே முடியாது போல் நீண்டது.

அது ஓய்ந்த பிறகு ஒரு செம்மண் பாதை வந்தது. இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக மரம். பாதை நடுவே கெப்டன் தனியாகக் கையை ஓங்கி நின்றான். இசை நின்றது. அவன் நேராக அரங்கைப் பார்த்தான். "யார் அது? எங்கே போகிறாய்?" என்றான். பிறகு பேசவில்லை. நின்றான். காற்றில் இலை விழுந்தது. இன்னும் நின்றான்.

நவமணி மூச்சை அடக்கிக்கொண்டார். அரங்கில் ஒரு கைப்பேசி வெளிச்சம் தெரிந்தது, இன்னொன்று தெரிந்தது. போச்சு என்று நினைத்தார்.

"நான்தான்!" என்றது பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல். "நான் ஐஸ் வாங்கப் போறேன்!"

யாரோ சிரித்தார்கள். "நான் பாட்டி வீட்டுக்கு!" என்றது இடப்பக்கம் ஒன்று. "நான் போலீஸ்! திருடனப் பிடிக்கப் போறேன்!" "நான் பாம்பு!" பாம்பு எங்கே போகிறது என்று யாருக்கும் கேட்கவில்லை, அதற்குள் அரங்கெங்கும் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். கோகிலன் தங்கையின் முழங்கையைப் பிடித்தார்.

வெளியே கூடத்தில் பொம்மை விற்றார்கள். அதே நீலப் பச்சை உடை, அதே ஓங்கிய கை. முதுகில் ஒரு பொத்தான். அழுத்தினால் படத்தின் வசனம் ஆறு, ஒன்றன் பின் ஒன்றாகப் பேசியது. "பாத்தியா, இங்கயும் பேச வெச்சுட்டானுங்க" என்றார் கோகிலன். நவமணி ஒன்று வாங்கினார். கூட்டத்தை விட்டு ஓரமாக வந்து, பொம்மையைக் கவிழ்த்து, முதுகு மூடியை நகத்தால் நெம்பித் திறந்தார். உள்ளே இருந்த இரண்டு பேட்டரிகளையும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டார். மூடியைப் பத்திரமாக மாட்டி, ஒரு முறை பொத்தானை அழுத்திச் சத்தம் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, பொம்மையை அண்ணனிடம் நீட்டினார்.