சிவப்புக் கோடு போட்ட மரம்

சாயங்காலம் நாலரை மணி, டீ வந்த நேரம். பார்படோஸ் தீவிலிருந்து வாட்ஸ்அப்பில் சரவணன் கூப்பிட்டான். அங்கே மருத்துவம் படித்து முடித்த பையன். அவன் பட்டம் வாங்குவதைப் பார்க்க, அவன் அப்பா மாரப்பனையும் அம்மா கோவிந்தம்மாளையும் மூன்று நாள் முன்புதான் நான் விமானம் ஏற்றி அனுப்பியிருந்தேன்.

"சார், இன்சூரன்ஸ் பாலிசி காப்பி உடனே அனுப்புங்க. அப்பாவ ஐசியூல வெச்சிருக்காங்க. வாயெல்லாம் கொப்புளம். தொண்ட வீங்கி மூச்சு விட முடியல."

"என்னப்பா ஆச்சு? சாப்பாடு ஒத்துக்கலயா?"

"கடற்கரையில ஒரு மரத்துல குச்சி ஒடச்சுப் பல்லு வெளக்கியிருக்காரு சார். மான்சினீல்னு ஒரு மரம். அதோட பால் பட்டாலே தோலு வெந்துடும்."

காப்பியை அனுப்பினேன். டீ ஆறிப்போனது. அந்த மரத்தின் பெயரை நான் ஏற்கெனவே படித்திருந்தேன்.

1. லேமினேட் போட்ட தாள்

தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டிராவல்ஸ் ஆபீஸ் வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. திருப்பதி வேனில் ஆரம்பித்து துபாய், சிங்கப்பூர் வரை வந்துவிட்டேன். கரீபியன் பக்கம் ஆள் அனுப்பியது அதுதான் முதல் தடவை. புது ஊர் என்றால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். பத்து நாள் உட்கார்ந்து படித்தேன். அந்தத் தீவுக்கு நமக்கு விசா வேண்டாம், ஆனால் லண்டனில் விமானம் மாறினால் ட்ரான்சிட் விசா வேண்டும். அது தெரியாமல் டிக்கெட் போட்டால் பாசஞ்சரை சென்னையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

படித்ததையெல்லாம் தமிழில் டைப் அடித்தேன். கடைக்குள் நுழைந்தால், பஸ்ஸில் ஏறினால், முதலில் குட் மார்னிங் சொல்லுங்கள். சொல்லாமல் விலை கேட்டால் மரியாதை தெரியாதவர் என்று நினைப்பார்கள். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். விதை, செடி, குச்சி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். மிலிட்டரி டிசைன் துணி அங்கே சட்டப்படி குற்றம்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னபோது, ஆபீஸில் எதிரே உட்கார்ந்திருந்த மாரப்பன் காலடியில் இருந்த பையை மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளினார். பச்சையும் பழுப்புமாக அச்சு அசல் மிலிட்டரி டிசைன்.

"அரூர் சந்தையில ஆசப்பட்டு வாங்குனதுங்க. பையக்கூடவா புடிச்சுக்குவாங்க?"

"கண்டிப்பா புடிச்சுக்குவாங்க."

"அப்ப வேணாங்க. பையன் பட்டம் வாங்கற நேரத்துல நாம எதுக்குங்க வம்பு?"

பென்னாகரம் தாண்டி ஒரு கிராமத்தில் நிலக்கடலை விதைக்கிறவர், ஆடு வளர்க்கிறவர். சொன்னால் சொன்னபடி நடக்கிற பாசஞ்சர் லட்சத்தில் ஒருவர்.

தாளில் மூன்று வரி இரண்டாம் பக்கத்துக்கு வழிந்தது. ஒரே பக்கத்தில் அடக்கினால் அழகாக லேமினேட் போட்டுக் கொடுக்கலாம். எதை எடுப்பது என்று பார்த்தேன். 'கடற்கரையில் மான்சினீல் என்று ஒரு விஷ மரம் உண்டு. அடிமரத்தில் சிவப்புப் பெயிண்ட் கோடு போட்டிருப்பார்கள். கிட்டப் போகாதீர்கள்.' பட்டமளிப்பு விழாவுக்குப் போகிறவர்களுக்குக் கடற்கரையில் என்ன வேலை? அந்த வரிகளை டெலீட் செய்தேன். ஃபான்ட் சைஸைக்கூடக் குறைக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு ரொம்பத் திருப்தி.

2. திரும்பி வந்தவர்கள்

வீக்கம் வடிய ஐந்து நாள் ஆனது. அதற்குள் விழா முடிந்துவிட்டது. கோவிந்தம்மாளும் புருஷன் கட்டிலை விட்டு நகரவில்லை. எதற்காகப் போனார்களோ, அதை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

ஊர் திரும்பியதும் க்ளெய்ம் ஃபாரத்தில் கையெழுத்துப் போட வந்தார்கள். மாரப்பனின் குரல் கரகரவென்று இருந்தது.

"பேஸ்ட்டு இருந்துச்சே, அதுல வெளக்கியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"அது வழவழன்னு வாய்க்கு ஆகலீங்க. வேப்பங்குச்சி கட்டி வெச்சிருந்தேன். நீங்க குச்சி கூடாதுன்னு எழுதுனீங்களா, வூட்லயே வெச்சிட்டுப் போயிட்டேன்."

"அத்தன மரம் இருக்க, அந்த மரத்துலயா ஒடைக்கணும்?"

"அடுத்தவங்க மரத்துல கை வெக்கலாமாங்க? இந்த மரத்துக்கு மட்டும் செவப்புக் கோடு போட்டிருந்தாங்க. ரோடு அகலம் பண்றப்ப நம்ம புளியமரத்துக்கெல்லாம் போட்டாங்களே, அந்த மாதிரி. வெட்டப்போற மரந்தானே, ஒரு குச்சி ஒடச்சா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு ஒடச்சேன்."

அந்தக் கோடு அவருக்குத் தெரியாமல் போகவில்லை. பார்த்திருக்கிறார், யோசித்திருக்கிறார், யாருக்கும் நஷ்டம் வரக் கூடாது என்று தேடித்தான் அதில் கை வைத்திருக்கிறார்.

நான் சும்மா இருந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். முடியவில்லை. அந்த வரிகள் என் கம்ப்யூட்டரில் இருந்ததையும், ஒரே பக்கத்தில் அடக்குவதற்காக நானே எடுத்ததையும் சொல்லிவிட்டேன்.

"ஒரு பேப்பருக்காங்க?" என்றார் கோவிந்தம்மாள்.

"விடு. அவரு மறச்சிருக்கலாம், சொல்லிட்டாரு இல்ல" என்றார் மாரப்பன்.

"சொல்லிட்டா? எம் பையன் மறுபடி அந்த மேடையில ஏறுவானா?"

அந்த அம்மா முதலில் எழுந்து வெளியே போனார். மாரப்பன் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பின்னாலேயே போனார். அவமானமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

3. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

டிக்கெட், ஹோட்டல் எல்லாம் இப்போது செல்போனே போட்டுவிடுகிறது. தீவைப் பற்றிய அட்வைஸும் அதில் கொட்டிக் கிடக்கிறது. அப்புறம் நம்மிடம் எதற்கு வருகிறார்கள் என்று யோசியுங்கள். என் ஆபீஸ் ஃபாரத்தில் இப்போது பாஸ்போர்ட் நம்பருக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: 'காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?' சிலர் சிரிப்பார்கள். சிரித்தாலும் விடாமல் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

பத்து நாள் அந்தத் தீவைப் படித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த மனிதரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. இத்தனைக்கும் நானும் அதே தருமபுரி ஜில்லாவில், பாப்பாரப்பட்டிப் பக்கம் பிறந்தவன். பத்தாவது படிக்கிற வரைக்கும் நானும் குச்சியில்தான் பல் விளக்கினேன்.