புற்றின்மேல் எழுந்த வண்டி

தீர்த்தம்மாள் சொன்ன ஒரு பொய்க்கு ஊரே கற்பூரம் காட்டியது. அப்பொய்யைத் திரும்பப் பெறாமலேயே அவள் தன் உடைமையை மீட்டுக்கொண்டாள்.

அதியமான்கோட்டைக்கு மேற்கே அவளுக்கு ஒரு கேணியும் இரண்டு எருதுகளும் இருந்தன. கணவன் செல்லன், சித்தேரி மலையில் மரக் குத்தகை எடுத்த துரையொருவரிடம் கார் ஓட்டியவன். 1941இல் துரை போருக்குப் புறப்பட்டபோது, பெட்ரோல் தட்டுப்பாட்டால் வாங்குவாரின்றி நின்ற தம் பந்தயக் காரை நால்வர் அறியச் செல்லனுக்கே கொடுத்துப் போனார். கூரையற்றது, இருவர் மட்டுமே அமரத்தக்கது, நீண்ட மூக்குடையது. அதைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, அவ்வாண்டே செல்லனும் பட்டாளத்து லாரி ஓட்டப் பர்மா எல்லைக்குப் போனான்.

மறு ஆண்டு டயருக்குப் பஞ்சம் வந்தது. ஊர் மணியக்காரர், காரின் டயர்களைத் தம் வில்வண்டிக்கென்று கழற்றிவர ஆள் அனுப்பினார். தடுக்க ஆணில்லாத வீடு. கொட்டகைக்குள் ஓடிய தீர்த்தம்மாள், காரின் அடிப்பலகையைத் தின்று கரையான் ஒரு முழம் எழுப்பியிருந்த புற்றைக் கண்டாள். அடுக்களை மஞ்சளை அள்ளிவந்து அதன்மேல் அப்பினாள், குங்குமம் வைத்தாள்.

“புத்து மாரி குடி வந்திருக்கா. கைய வைங்க சாமி. வெச்ச கை தங்குதான்னு பாக்கலாம்” என்றாள்.

ஆட்கள் திரும்பிப் போயினர். ஆனால் வெள்ளிதோறும் ஊர்ப் பெண்கள் பாலும் முட்டையும் கொண்டுவரத் தொடங்கினர். புற்று வளர்ந்து, இடப்பக்க இருக்கைக்கு முன்னால் இடுப்பளவு நின்றது.

1946இல் திரும்பிய செல்லன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

“மஞ்ச பூசினவ நீதானே? நீயே கடப்பாறைய போட்டு எடு.”

“பூசறப்ப பொய்தாங்க. நீங்க பர்மாவுல கெடந்தப்ப நான் யார்கிட்ட அழுதேன்னு நெனைச்சீங்க? முழுசா வந்து நிக்கிறீங்களே, அது யாரு போட்ட பிச்சை? கடப்பாறைய எடுத்தா மொதல்ல என் தலையில போடுங்க.”

“அப்ப காரு?”

“காரும் வேணும்.”

புற்றிடத்தே இறைவனைக் கண்டு பாடித் தொழுத நாட்டில் அவளது அச்சம் வியப்பன்று. அச்சத்தோடு கூடிய அந்தப் பிடிவாதமே வியப்பு.

செய்தி கேட்டு மணியக்காரர் கூட்டத்தோடு வந்தார். “வண்டி இனிமே ஆத்தா சொத்து. ஒரு மண்ணு உதுந்தாலும் ரெண்டு பேரும் ஊரைக் காலி பண்ணிடணும்.”

“உதுரலைன்னா?”

“உதுராம எப்படிம்மா எடுப்பே? காரு என்ன ஜிப்பாவா, தலைவழியாக் கழட்ட?”

கூட்டம் சிரித்தது. தீர்த்தம்மாள் சிரிக்கவில்லை; வண்டியையும் புற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்படித்தாங்க கழட்டப்போறேன்.”

செல்லன் என்ஜினையும் சக்கரங்களையும் இருக்கைகளையும் கழற்றினான். கரையான் மிச்சம்வைத்த அடிப்பலகையைத் துணுக்குத் துணுக்காகக் கிள்ளி எடுத்தான். அவள் கொட்டகைக் கூரையைப் பிரித்தாள். மூன்று நெடுமரங்களை உச்சி சேர்த்து நிறுத்தி, கேணியில் நீரிறைக்கும் கவலையின் உருளையையும் வடத்தையும் அவிழ்த்து வந்து அதில் மாட்டினாள். தன் எருதுகள் இரண்டு போதா. மணியக்காரருக்கு அஞ்சி வேறெவரும் மாடு தரவில்லை. பக்கத்து நிலத்துப் பெரியம்மாள் மட்டும் தன் சோடியை ஓட்டிவந்தாள்.

“எம் மாடு. என் இஷ்டம்” என்றாள், யாரும் கேளாமலே.

எருதுகள் அடியெடுத்தன. வண்டி சாண்சாணாக எழுந்தது. பாதியில் வடம் முறுக்கிக்கொள்ள, இரும்புச் சட்டம் புற்றின் முடியை நோக்கிச் சாய்ந்தது. தீர்த்தம்மாள் இடையே தன் முன்கையைக் கொடுத்தாள். இரும்பு தோலை உரித்தது, கை விலகவில்லை. பெரியம்மாள் மாடுகளை நிறுத்த, செல்லன் சட்டத்தைத் தள்ளிப் பிடித்தான். மீண்டும் எழுந்து வண்டி புற்றைக் கடந்ததும், அடியில் இரு பனைமரங்களைச் செருகி, அவற்றின்மேல் சறுக்கி வெளியே இறக்கினார்கள்.

புற்றில் ஒரு மண் உதிரவில்லை. உச்சியில் அவள் கைக்குருதி மட்டும் சிந்தியிருந்தது.

“ரத்தம் பட்டுடுச்சு. தீட்டு!” என்றார் மணியக்காரர்.

“ஆடிக்கு இங்கதானே கோழி அறுத்தீங்க, அது என்ன தண்ணியா? இது நான் குடுத்தது. மண்ணு உதுந்துதா சொல்லுங்க. உதுரலை இல்ல? வழிய வுடுங்க.”

பிறகு செல்லனின் வேலை. இறுகிப்போன பிஸ்டன்களில் விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் ஊற்றி ஊறவிட்டான். எலி கடித்த ஒயர்களை மாற்றினான். அவள் பொய் சொல்லிக் காத்த டயர்களோ நின்ற இடத்திலேயே வெடித்திருந்தன. வைக்கோல் திணித்துக் கட்டினான். முன்புறக் கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற என்ஜின் இருமியது, புகைந்தது, அடங்கியது. தோள் ஓய்ந்து அவன் உட்கார்ந்தபோது, அவள் கட்டுப்போட்ட கையோடு கைப்பிடியைப் பற்றினாள். இருவரும் சேர்ந்து சுழற்றினர். கேணிமேட்டு எருதுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும்படி வண்டி முழங்கியது.

புறப்படுமுன் தீர்த்தம்மாள் புற்றுக்குப் பால் ஊற்றினாள். பின்பு இடப்பக்க இருக்கையில், கணவனுக்குச் சமமாக அமர்ந்தாள். அடிப்பலகை இல்லை, குறுக்குக் கம்பியில் பாதம் ஊன்றியிருக்க, ஊர்த்தெரு அவள் காலடியில் ஓடியது.

மணியக்காரர் தெரு நடுவே நின்றார், விலகுவதாக இல்லை. ஹாரனின் ரப்பர் உருண்டை என்றோ பிய்ந்துபோயிருந்தது. தீர்த்தம்மாள் எழுந்து நின்றாள்.

“ஓரமா போங்க சாமி! ஹாரன் இல்லைங்க, நாந்தான் கத்தணும்!”

வைக்கோல் டயர்கள் நெருங்கி வந்தன. அவர் ஒதுங்கினார்.

தெருமுனையில் அவள் செல்லனின் தோளைத் தட்டினாள்.

“திருப்புங்க. இன்னொரு வாட்டி போவலாம்.”