நாலாவது போல்ட்

கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கும் பெண்மணிக்குத் திருகாணி என்றாலே எறும்புத் தலை அளவுதான். மூச்சை அடக்கிக்கொண்டு அதை மூக்குக் கண்ணாடியின் காதுக் கம்பியில் நுழைத்து முறுக்குவதில் அவரை அடித்துக்கொள்ள அந்தக் கடைவீதியில் ஆள் கிடையாது. அந்தத் தெம்பில்தான் வீட்டுக் காரின் டிரைவர் சீட்டையும் தானே கழற்றிவிடலாம் என்று இறங்கினார்.

சீட்டு முன்னால் நகர்ந்தபடியே சிக்கிக்கொண்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. கணவரோ நெட்டை. ஸ்டியரிங்கை முழங்காலால் கட்டிப்பிடித்தபடி அவர் வேலைக்குப் போய்வந்த கோலத்தைப் பார்த்துத் தெருவே சிரித்தது. கடைசியில் காரை வீட்டிலேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தார். மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்று முனகிப் பார்த்தார். நாலே நாலு போல்ட்தானே என்று மனைவி வாயை அடைத்துவிட்டார்.

இரண்டு போல்ட் சொன்ன பேச்சைக் கேட்டன. மூன்றாவது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. எண்ணெய் ஊற்றி, தலையில் சுத்தியால் நாலு தட்டு தட்டி, ஒரு பகல் முழுக்க ஊறவிட்டு, ஸ்பேனரின் பிடியில் இரும்புக் குழாயை மாட்டி நெம்பியதும் 'கிறீச்' என்று வழிக்கு வந்தது. நாலாவதுதான் வம்பு பண்ணியது. சுற்றியது, நன்றாகவே சுற்றியது, ஆனால் வெளியே வரவில்லை. தரையில் படுத்து எட்டிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. தகட்டுக்கு அடியில் பற்றவைத்திருந்த நட்டு பிய்ந்துபோய், போல்ட்டோடு சேர்ந்து தானும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவர் கீழே படுத்து நட்டைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் மேலே இருந்து திருக வேண்டும்.

அந்த நேரத்தில் வீட்டில் இருந்த இன்னொருவர், மாடியில் குடியிருக்கும் நாத்தனார் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், பிடித்தால் இடுக்கி மாதிரி பிடிக்கிற கை. ஆனால் இருவரும் பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது. அண்ணி செய்துகொடுத்த கண்ணாடியைப் போட்டால் தலை சுற்றுகிறது என்று கல்யாண வீட்டில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் சொல்லிவிட்டு, மறுநாளே எதிர்க்கடையில் வேறு கண்ணாடி வாங்கிக்கொண்டாள் அவள். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே கணவர்தான் தபால்காரர்.

அண்ணி மாடிப்படிக்குக் கீழே நின்று, நட்டைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் நாத்தனார் இறங்கி வந்தாள். ஜாக்கியால் தூக்கி, தாங்கிகள் கொடுத்து நிறுத்தியிருந்த காருக்கு அடியில் பாயை விரித்து, ஒரு ஸ்பேனரோடு நுழைந்துகொண்டாள். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது.

நாலு சுற்றில் போல்ட் இளகிவிட்டது. இன்னும் இரண்டு சுற்றில் கையோடு வந்துவிடும். அப்போதுதான் அண்ணிக்கு உறைத்தது: இவளால் இப்போது எழுந்து போகவும் முடியாது, காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது. சத்தமில்லாமல் போல்ட்டை இரண்டு சுற்று உள்ளே முறுக்கினார்.

"விட்டுடாத, கெட்டியாப் பிடி. ஆமா, நான் போட்ட கண்ணாடியில என்ன குறை கண்ட?"

அண்ணி கழற்றினார், முறுக்கினார், மறுபடி கழற்றினார்.

"ஸ்பேனர் ஒரு தடவை இந்தப் பக்கம் இழுக்குது, ஒரு தடவை அந்தப் பக்கம் இழுக்குது. என்ன பண்றீங்க அண்ணி?"

"துருப்பிடிச்சத முன்னயும் பின்னயும் ஆட்டித்தான் எடுக்கணும்."

அது பொய்யில்லை. எல்லாரும் அப்படித்தான் எடுப்பார்கள். எவ்வளவு நேரம் ஆட்டுவது என்பது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது. அண்ணியின் மனசாட்சி கால் மணி நேரம் ஆட்டியது.

கடைசியில் கீழேயிருந்து பதில் வந்தது. "கண்ணாடியில ஒரு குறையும் இல்ல. கண்ணு டெஸ்ட்லதான். எனக்கு முன்னாடி ஒருத்தர் அந்த அட்டையைப் படிச்சாரு. அத அப்படியே மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சுட்டேன். கடைசி வரி வரைக்கும்."

"எதுக்குடி?"

"விளையாட்டு டீச்சருக்கே கண்ணு தெரியலன்னு உங்க கடையே சிரிக்கும்ல."

அண்ணிக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்த வேகத்தில் எந்தப் பக்கம் திருகுகிறோம் என்பதே மறந்துபோக, போல்ட் கையோடு வந்துவிட்டது. நட்டு நாத்தனாரின் நெற்றியில் 'டொக்'கென்று விழுந்தது. அவள் வைத வசவு தெருமுனை வரை கேட்டது. ஏழு மாதத்தில் அண்ணியைப் பார்த்து அவள் இவ்வளவு பேசியது அன்றுதான்.

சீட்டைத் தூக்கி, அது நகரும் தண்டவாளத்தில் சிக்கியிருந்த பேனா மூடியை எடுத்துப் போட்டார்கள். புது போல்ட், புது நட்டு. ஆனால் மாட்டும்போதும் ஒருவர் கீழே படுத்துத்தான் ஆக வேண்டும். நாத்தனார் ஸ்பேனரை அண்ணியின் கையில் திணித்துப் பாயைக் காட்டிவிட்டு, தான் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நான் எதிர்க்கடைக்குப் போனப்ப, பின்னாலயே வந்து கதவு வழியா எட்டிப் பாத்தது யாரு அண்ணி?"

வேலை முடிந்து கணவர் வந்தபோது காருக்கு அடியில் மனைவியின் கால்களும், காருக்குள் தங்கையின் முதுகும் தெரிந்தன. இரண்டு பக்கமிருந்தும் சிரிப்புச் சத்தம். என்ன ஏது என்று கேட்க வாயெடுத்தவர், தபால் வேலை மறுபடி தன் தலையில் விழுந்துவிடப் போகிறதே என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் உள்ளே போய்விட்டார்.